கடதாசிக் காப்புப் பின்னுவோம்

ஊரில் இருந்தபோது தென்னோலையில் காப்பும் மோதிரமும் பின்னிப் பிள்ளைகளுக்குப் போட்டு மகிழ்ந்தோம். வளவை விட்டு வந்த இடத்தில் ஓலை இல்லாவிட்டாலும் எழுதி முடித்த கொப்பித்தாள் இருக்கும். அதுவே போதும். பசையும் கத்தரிக்கோலும் வேண்டியதில்லை.

செய்முறை:

1. அடிமட்டத்தை வைத்துத் தாளை 4 செ.மீ. அகலமும் 9 செ.மீ. நீளமும் உள்ள துண்டுகளாகக் கிழியுங்கள். சிறுவர் கைக்கு ஏறத்தாழ 16 துண்டுகள் தேவை.

2. துண்டை நீளவாட்டில் இரண்டாக மடித்து விரியுங்கள். இரு ஓரங்களையும் நடுக்கோட்டுக்கு மடித்து, மறுபடி இரண்டாக மடியுங்கள். 1 செ.மீ. அகலமான பட்டி கிடைக்கும்.

3. பட்டியைக் குறுக்கே இரண்டாக மடித்து விரியுங்கள். இரு நுனிகளையும் நடுவுக்கு மடித்து மூடுங்கள். இது ஒரு கண்ணி. இதற்கு இரண்டு கால்கள். ஒவ்வொரு காலிலும் ஓர் இடைவெளி இருக்கும்.

4. இரண்டாம் கண்ணியின் கால்களை முதற்கண்ணியின் இரு இடைவெளிகளிலும் செருகி இறுக இழுங்கள். மூன்றாவதை இரண்டாவதில் செருகுங்கள். இப்படியே தொடருங்கள்.

5. கை அளவு வந்ததும் இரு முனைகளையும் நூலால் கட்டுங்கள்.

ஏழு வயதுப் பிள்ளை மடிக்கட்டும். நாலு வயதுப் பிள்ளை செருகட்டும். கைக்குழந்தைகள் துண்டுகளை வாயில் வைக்காமல் பார்த்துக்கொள்வோம்.

கோணலான கண்ணியைப் பிரித்துத் திருத்த வேண்டாம். எல்லாவற்றையும் விட்டு வந்த பிள்ளைக்கு, “இது நான் செய்தது” என்று சொல்ல ஒரு பொருள் வேண்டும். கை வேலை செய்யும்போது, பேசாதிருந்த பிள்ளையும் சில வேளை பேசத் தொடங்கும். அப்போது கேள்விகளால் துளைக்காமல், நாமும் ஒரு கண்ணியை மடித்தபடி கேட்டிருப்போம்.