எங்கே ஊன்றலாம்?

அன்புள்ள தம்பிக்கு,

பிசியோதெரபிஸ்டாக எலும்புப் பிரிவில் சேர்ந்திருக்கிறாய். கால் கட்டைவிரல் கோணலுக்கு ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் உன்னிடம் கேட்கப்போகும் முதல் கேள்வி, “காலை ஊனலாமா?” என்பதுதான். “ஊனலாம்” என்று மட்டும் சொல்லி அனுப்பிவிடாதே. பாதத்தின் எந்தப் பகுதியை ஊன்றலாம், எப்போதிலிருந்து என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் அது பதில்.

அதற்கு ஆபரேஷன் குறிப்பை முழுதாகப் படிக்க வேண்டும். புடைப்பைச் சீவி எடுத்துவிட்டார்கள் என்றே நோயாளி நினைத்திருப்பார். உண்மையில் கட்டைவிரலுக்குப் பின்னால் இருக்கும் நீண்ட எலும்பு மறு காலின் பக்கமாக விலகியிருந்திருக்கும். அதை வெட்டி நகர்த்தி நேராக்கியிருப்பார்கள். ஸ்கார்ஃப் முறையென்றால் எலும்பை நீளவாக்கில் இசட் வடிவில் அறுத்து, தச்சர் இரண்டு உத்திரங்களைக் கோத்துப் பூட்டுவதுபோல் பொருத்தி, பெரும்பாலும் இரண்டு திருகாணிகளால் இறுக்கியிருப்பார்கள். வெட்டுமுகம் நீளமானது என்பதால் பிடிப்பும் அதிகம். செவ்ரான் முறையில் வெட்டு எலும்பின் தலைப்பக்கம் விழும். இவ்விரண்டிலும் கெட்டி அடியுள்ள செருப்போடு, குதிகாலில் பாரம் போட்டு, ஓரிரு நாளிலேயே நடக்கவிடும் சர்ஜன்கள் பலர். லாபிடஸ் அப்படியல்ல. நடுப்பாதத்து மூட்டையே ஒட்டவைக்கும் முறை அது. ஆறு வாரம் காலைத் தரையில் வைக்கவே கூடாது என்பது பழைய வழக்கம். இப்போதைய பிளேட்டுகளை நம்பி முன்னதாகவே விடுகிறவர்களும் உண்டு. எலும்பு எவ்வளவு கெட்டியாக இருந்தது, திருகாணி எப்படிப் பிடித்தது என்பது வெட்டிப் பார்த்தவருக்குத்தான் தெரியும். கேட்கக் கூச்சப்படாதே.

ஆஸ்பத்திரி வராந்தாவில் சரியாக நடப்பவர் வீட்டில் எப்படி நடப்பார் என்பதுதான் என் பெரிய கவலை. வாசலிலேயே செருப்பைக் கழற்றிப் பழகியவர்கள் நாம். அந்த ஆபரேஷன் செருப்பும் வாசலில் கிடக்கும். ஆபரேஷன் செய்துகொண்ட அம்மா வெறுங்காலோடு அடுப்படிக்குப் போய்விடுவார். அது செருப்பில்லை, கட்டின் ஒரு பகுதி என்று வீட்டாரையும் உட்காரவைத்துச் சொல். பூஜை அறைக்குள் போட்டுக்கொண்டு போக மனம் வராதென்றால், வெளியே ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்து கும்பிடட்டும். கழிப்பறை எப்படிப்பட்டது என்று நீயாகவே கேள். குத்துக்காலிட்டு எழும்போது பாரமெல்லாம் முன்பாதத்துக்கு வரும், கட்டைவிரலும் மடங்கும். வெஸ்டர்ன் இல்லாத வீட்டுக்குக் கமோடு நாற்காலி ஏற்பாடாகும்வரை டிஸ்சார்ஜைத் தள்ளிப்போடச் சொல்லலாம், தப்பில்லை. மாடிப்படி ஏற நல்ல கால் முதலில், இறங்க ஆபரேஷன் கால் முதலில்.

முதல் இரண்டு வாரம் நடை என்பது பாத்ரூமுக்கும் சாப்பாட்டுக்கும்தான். மற்ற நேரமெல்லாம் கால் நெஞ்சுக்கு மேலே உயர்ந்திருக்க வேண்டும். தொங்கவிட்டால் விண்விண்ணென்று தெறிக்கும், நிறம் கறுக்கும். அதையும் முன்கூட்டியே சொல்லிவிடு, பயப்படமாட்டார்கள். கெண்டைக்கால் வீங்கி வலித்தால் மட்டும் காத்திருக்கக் கூடாது, உடனே வரவேண்டும்.

விரலை அசைக்க சர்ஜன் அனுமதித்ததும், ஒரு கையால் நீண்ட எலும்பை அசையாமல் பிடி. மறு கையால் விரலை மூட்டுக்கு ஒட்டினாற்போல் பிடித்து மெல்ல மேலே கொண்டுபோ. நுனியைப் பிடித்து வளைத்தால் நுனி மூட்டுதான் மடங்கும், இறுகிய மூட்டு அப்படியே இருக்கும்.

எக்ஸ்ரேயில் எலும்பு சேர்ந்துவிட்டது, இனி சாதாரணச் செருப்பு போடலாம் என்று சொன்ன பிறகுதான் நம் வேலை சூடுபிடிக்கிறது. இத்தனை நாள் குதிகாலிலும் வெளியோரத்திலும் நடந்த கால், அனுமதி கிடைத்தும் கட்டைவிரலை நம்பாது. நனைந்த காலோடு சிமெண்டுத் தரையில் நடக்கவிட்டுப் பார்: நான்கு விரல்களின் தடம் பதியும், கட்டைவிரலின் தடம் மங்கலாக இருக்கும். அந்த விரலைத் தரையில் அழுத்தவும், பிறகு அதை உந்தி அடி எடுத்து வைக்கவும் திரும்பக் கற்றுக்கொடு. வீக்கம் மாதக்கணக்கில் இருக்கும், அதற்காக நிறுத்தாதே.

மூன்றாம் மாதத்தில் ஒருவர் இரண்டாம் விரலின் அடியில் வலி என்று வந்தால், செருப்பை மாற்றச் சொல்லி அனுப்பிவிடாதே. உள்ளங்காலைத் தொட்டுப் பார். அங்கே தோல் புதிதாகத் தடித்திருந்தால், கட்டைவிரல் தாங்க வேண்டிய பாரம் பக்கத்து விரலுக்குப் போய்க்கொண்டிருக்கலாம். அன்றே சர்ஜனிடம் பேசி, நிற்கவைத்து ஒரு எக்ஸ்ரே எடுக்கச் சொல்.

அன்புடன்,
உன் அண்ணன்