தவணை நிற்கும் முன் வங்கிக்குப் போங்கள்

கேள்வி: திண்டிவனம் பக்கம் பிரைவேட் லிமிடெட் கம்பெனியாக அரிசி ஆலை நடத்துகிறோம். வங்கித் தவணை இரண்டு மாதமாக நிற்கிறது. விழுப்புரம் நெல் வியாபாரிகளுக்கும் பாக்கி. கடனைத் திருப்பிச் செலுத்தும் திட்டத்தை எப்படித் தயாரிப்பது?

பதில்: 90 நாள் தாண்டினால் உங்கள் கணக்கு வாராக்கடன் ஆகிவிடும். இந்த வாரமே வங்கிக்குப் போங்கள். 25 கோடி ரூபாய் வரை கடனுள்ள சிறு, நடுத்தர நிறுவனங்களுக்காக ரிசர்வ் வங்கி 2016-ல் ஒரு சீரமைப்பு வழிமுறை வகுத்தது. நீங்களே விண்ணப்பிக்கலாம்.

திட்டத்தின் உயிர் பணவரவுக் கணக்கில் இருக்கிறது. ஆண்டு வருமானத்தைப் பன்னிரண்டால் வகுத்து எழுதாதீர்கள். நெல் வரத்து மாதங்களில் கொள்முதலுக்கே பணம் போய்விடும். அரிசி விற்றுக் காசு திரும்பும்போதுதான் பெரிய தவணை கட்ட முடியும். அதை மாதவாரியாகக் காட்டுங்கள். கரண்ட் பில், கூலி, வரி போக மிஞ்சுவதே தவணைக்கு. தவிடு, உமி விற்ற வரவையும் விடாதீர்கள். கைமாற்றுக் கடன்களை மறைக்கவே வேண்டாம். பிறகு வெளிவந்தால் மற்ற எண்களையும் யாரும் நம்பமாட்டார்கள்.

இது கைகூடாவிட்டால், சிறு நிறுவனங்களுக்கென 2021-ல் திவால் சட்டத்தில் சேர்த்த முன்கூட்டிய தீர்வு முறை இருக்கிறது. பாக்கி குறைந்தது 10 லட்சம் இருக்கவேண்டும். உங்களோடு தொடர்பில்லாத நிதிக்கடன் கொடுத்தவர்கள் கடன் மதிப்பில் 66 சதவீத அளவுக்கு ஒப்புக்கொண்டால், சென்னையிலுள்ள தேசிய கம்பெனி சட்டத் தீர்ப்பாயத்தில் மனுச் செய்யலாம். நிர்வாகம் உங்களிடமே இருக்கும்.

நெல் வியாபாரிகளுக்கு அங்கே ஓட்டில்லை. ஆனாலும் அவர்கள் பாக்கியில் கைவைக்காதீர்கள். அடுத்த பருவத்துக்கு நெல் தரப்போகிறவர்கள் அவர்கள்தான்.