"மாமா, தண்ணி விழுதா?"

ஜூன் பிறந்தால் மேலகரத்துக்காரர்களுக்குப் போன் ஓயாது. தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவே இருக்கிறோம் அல்லவா! "மாமா, தண்ணி விழுதா?" என்பதுதான் முதல் கேள்வி. இப்போது அதோடு இன்னும் இரண்டு சேர்ந்திருக்கின்றன: "மலை ஏறலாமா? டெண்ட் கொண்டு வரலாமா?" கேட்கிறவர்களுக்கெல்லாம் நான் சொல்வது இதுதான்.

டெண்ட்: காட்டுக்குள் நினைத்த இடத்தில் டெண்ட் அடிக்க விடமாட்டார்கள். யானையும் சிறுத்தையும் நடமாடும் மலை. ராத்தங்கல் கீழேதான். ஆள் அதிகமென்றால் லாட்ஜைவிட மேலகரம், இலஞ்சிப் பக்கம் சீசனுக்கு விடும் வீடு தோது, சமைத்துச் சாப்பிடலாம். பிள்ளைகள் அடம்பிடித்தால் மொட்டைமாடியில் டெண்ட் போடட்டும். சாரல் காற்றுக்கு நாலு மூலையிலும் கல் ஏற்றி வைக்க வேண்டும்.

மலையேற்றம்: குற்றாலம் பேரருவிக்கு மேலே சிற்றருவி, அதற்கும் மேலே செண்பகாதேவி, இன்னும் உள்ளே தேனருவி. 2018 மார்ச்சில் குரங்கணி காட்டுத்தீ 23 உயிர்களைக் கொண்டுபோனதிலிருந்து மலையேற்ற விதிகள் இறுகிவிட்டன. 2024 அக்டோபரில் தொடங்கிய 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தின் 40 பாதைகளில் குற்றாலம்–செண்பகாதேவியும் ஒன்று. ஆன்லைனில் பதிவு செய்தால் வழிகாட்டியோடு போய் வரலாம். மழை வலுத்தாலும் காட்டுத்தீ காலம் வந்தாலும் பாதையை மூடிவிடுவார்கள். அதனால் ரயில் டிக்கெட் எடுப்பதற்கு முன்பே பாதை திறந்திருக்கிறதா என்று பாருங்கள். அந்தப் பாதை செண்பகாதேவியோடு சரி; தேனருவி ஆசை வேண்டாம்.

உடுப்பு: ஜீன்ஸ் வேண்டவே வேண்டாம். சாரலில் நனைந்தால் ஊர் திரும்பும்வரை காயாது. கைலி, மெல்லிய சட்டை, கூடுதலாக இரண்டு துண்டு போதும். தேய்ந்த செருப்பு பாசிப்பாறையில் காலை வாரிவிடும். அட்டைக்கு ஒரு பொட்டலம் உப்பு. தின்பண்டத்தைக் கையில் வெளியே தெரியப் பிடிக்காதீர்கள். குரங்கு பையோடு கொண்டுபோகும். சோப்பு, ஷாம்பு, எண்ணெய் அருவியில் கூடாது. அது நீதிமன்ற உத்தரவு.

தண்ணீர்: இதைத்தான் அழுத்திச் சொல்வேன். நாம் நிற்கும் இடத்து வானத்தை நம்பக் கூடாது. கீழே வெயில் அடிக்கும்போதே மேலே மழை கொட்டும். 2024 மே 17 அன்று, சீசன் தொடங்குவதற்கு முன்னமே, பழைய குற்றாலத்தில் திடீரென்று வந்த வெள்ளம் ஒரு பதினேழு வயதுப் பையனை அடித்துக்கொண்டு போனது. மேற்கே மலை கறுத்திருந்தால் குளிக்கும்போதே ஒரு கண் தண்ணீரில் இருக்கட்டும். தெளிவாக விழுந்த தண்ணீர் கலங்குகிறதா, சருகும் சுள்ளியும் சேர்ந்து வருகிறதா, இரைச்சல் கனக்கிறதா? போலீஸ் விசில் ஊதும்வரை காத்திருக்க வேண்டாம். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள். பேரருவியில் பாதுகாப்பு வளைவைத் தாண்டித் தண்ணீர் கொட்டினால் எப்படியும் தடைதான்.

தடை போட்டால் காவலரிடம் மல்லுக்கு நிற்காதீர்கள். குற்றாலம் சித்திரசபையின் சுவரோவியங்களை நிதானமாகப் பாருங்கள். தென்காசி காசி விசுவநாதர் கோயில் கோபுர வாசலில் நின்று, ஆளைத் தள்ளும் அந்தக் காற்றை வாங்குங்கள்.

வார நாளில் வாருங்கள், விடியற்காலையில் குளியுங்கள். திரும்பும் டிக்கெட்டை ஒரு நாள் தள்ளியே எடுங்கள். இன்றைக்கு விரட்டிய அருவியில் நாளைக் காலையில் குளிக்க விடுவதுண்டு.