சிவப்பு உருளை போதுமா?

கேள்வி: எங்கள் அரசுப் பள்ளியில் தீயணைப்பான் மாட்டிவிட்டார்கள். இனிப் பயமில்லைதானே? (ஒரு தாய், இராசிபுரம்)

பதில்: அம்மையீர், 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் ஒரு பள்ளியின் சமையற்கட்டிலிருந்து எழுந்த தீ, கீற்றுக்கூரையைப் பற்றி, ஒடுக்கமான படிக்கட்டால் இறங்க வழியற்றுத் தவித்த 94 குழந்தைகளைக் கொண்டுபோன கோரத்தை நினைத்தால், சுவருக்கு அலங்காரமாகத் தொங்கும் அந்தச் சிவப்பு உருளைக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, மாடிப்படியில் உடைந்த பெஞ்சுகள் அடைத்துக்கொண்டிருக்கின்றனவா, பின்வாசல் பூட்டின் சாவி யார் இடுப்பில் இருக்கிறது என்று விசாரிப்பதே உசிதம். மாதம் ஒருமுறை திடீரென மணியடித்துப் பிள்ளைகளை வேப்பமரத்தடியில் வகுப்புவாரியாக நிறுத்தி, வருகைப் பதிவேட்டைப் பார்த்துப் பெயர் கூப்பிடட்டும். இத்தனையும் மீறி விபரீதம் நேர்ந்துவிட்டால், மிஞ்சிய குழந்தைகளிடம் உண்மையை அவர்களது ஆசிரியரே நிதானமாகச் சொல்லவேண்டும். வதந்தி அதைவிடக் குரூரமானது. பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர்தான். அடுத்த கூட்டத்திலேயே சாவியைப்பற்றிக் கேளுங்கள்.