பார்வையிடலிலிருந்து வழிகாட்டலுக்கு

கல்வராயன்மலையில் ஓர் ஈராசிரியர் தொடக்கப்பள்ளியை எண்ணிப் பாருங்கள். ஒரே அறையில் மூன்று வகுப்புகள். எண்ணும் எழுத்தும் திட்டத்தின் அரும்பு, மொட்டு, மலர் என மூன்று நிலைகளிலும் குழந்தைகள். வட்டார வள மையத்திலிருந்து ஆசிரியர் பயிற்றுநர் வருகிறார், பதிவேடுகளைப் பார்க்கிறார், படிவத்தை நிரப்புகிறார், "இன்னும் கவனம் செலுத்துங்கள்" என்று சொல்லிவிட்டுக் கிளம்புகிறார். எதில், எப்படி என்று ஆசிரியருக்குத் தெரியவில்லை. மலைப்பாதையில் அவ்வளவு தூரம் வந்து சென்ற நாள் இருவருக்குமே பயன்படாமல் போகிறது.

ஆய்வுகள் சொல்வது என்ன?

மத்தியப் பிரதேசத்தில் பள்ளிகளை விரிவாகத் தரமதிப்பிட்டு, ஒவ்வொன்றுக்கும் மேம்பாட்டுத் திட்டம் எழுதி, தொடர்ந்து பார்வையிடும் ஏற்பாடு ஒன்று நடைமுறைக்கு வந்தது. அதைக் கார்த்திக் முரளிதரனும் அபிஜீத் சிங்கும் ஆராய்ந்தனர். பள்ளிச் செயல்பாட்டிலும் மாணவர் கற்றலிலும் முன்னேற்றம் காணப்படவில்லை.

தென்னாப்பிரிக்காவில் தாய்மொழி வாசிப்புக்காக நடந்த ஆய்வின் முடிவு வேறு. ஒரே பாடத்திட்டக் குறிப்புகளையும் நூல்களையும் இரு குழுப் பள்ளிகளுக்கும் கொடுத்தார்கள். ஒரு குழு ஆசிரியர்களுக்கு மையத்தில் பயிற்சி. மற்றக் குழுவினருக்கு வகுப்பறைக்கே வந்து வழிகாட்டல். இரண்டாம் குழுவின் மாணவர்களே வாசிப்பில் கூடுதலாக முன்னேறினர்.

60 ஆய்வுகளைத் தொகுத்து மேத்யூ கிராஃப்ட் குழுவினர் 2018இல் வெளியிட்ட கட்டுரையும் வழிகாட்டலின் பயனை உறுதிசெய்கிறது. ஆனால் திட்டம் பெரிதாகும்போது அந்தப் பயன் குறைகிறது என்றும் அது எச்சரிக்கிறது.

இம்முடிவுகள் நம் மலைக்கு அப்படியே பொருந்தும் என்று கொள்ள வேண்டியதில்லை. இங்கே குழந்தைகளின் வீட்டுப் பேச்சு வேறு. வேலை தேடிக் குடும்பங்கள் வெளியூர் செல்லும் மாதங்களில் வருகையும் குறையும். ஆகவே நம் வகுப்பறையிலேயே சோதித்துப் பார்க்கச் செயலாராய்ச்சி வேண்டும்.

செய்து பார்க்க

1. ஒரே ஒரு கேள்வியை இருவரும் சேர்ந்து தேர்ந்தெடுங்கள். எடுத்துக்காட்டு: ஆசிரியர் மலர் நிலைக் குழுவோடு இருக்கும்போது அரும்பு நிலைக் குழந்தைகள் என்ன செய்கிறார்கள்?
2. பாடவேளையில் 5 நிமிடத்துக்கு ஒருமுறை, வேலையின்றி இருக்கும் குழந்தைகளை எண்ணிக் குறியுங்கள்.
3. அன்றே உட்கார்ந்து பேசுங்கள். ஒரே ஒரு மாற்றத்தை முடிவுசெய்யுங்கள்: இருவர் இருவராக வாசிக்கப் படச்சொல் அட்டைகள் தரலாம்.
4. மூன்று வாரம் கழித்து அதே முறையில் மீண்டும் எண்ணுங்கள். பயிற்றுநர் வர இயலாவிட்டால் சக ஆசிரியர் எண்ணலாம்.

இந்தக் குறிப்பு ஆசிரியரிடம் விளக்கம் கேட்கும் ஆவணமாகிவிடக் கூடாது. அந்த அச்சம் வந்தால், பார்வையிடும் நாளுக்கென்றே ஒத்திகை பார்த்த பாடம்தான் நடக்கும். உண்மையான சிக்கல் வெளியே வராது.

குறுவள மையக் கூட்டத்தில் கலந்துரையாட

• கடைசியாக உங்கள் வகுப்பைப் பார்வையிட்டவர் சொன்னவற்றில் மறுநாளே செய்ய முடிந்தது எது?
• அது பயன் தந்ததா என்பதை எதைக் கொண்டு அறிந்தீர்கள்?