உறுப்பினர் கையேட்டுக்கு எந்த வழி?

திருப்பூணித்துறைப் பக்கம் டிடிபி படிக்கும் பிள்ளைகளிடம் ஏன் இன்டிசைன் என்று கேட்டால், பாதிப் பேர் அப்பாவைக் கை காட்டுவார்கள். கல்ஃபில் அதைத்தான் கேட்கிறார்களாம். மீதிப் பேர் யூட்யூபில் டேட்டா மெர்ஜ் பார்த்து மயங்கியவர்கள். இன்டிசைன் வேண்டியதுதான், அதில் தகராறில்லை. அதற்குள் எந்த வழி எந்த வேலைக்கு என்பதில்தான் கோட்டை விடுகிறார்கள்.

அடையாள அட்டை, சான்றிதழ், உறைமேல் விலாசம் என்றால் ஆளுக்கொரு தனி இடம். மெர்ஜ் பேனல் போதும். பட்டியலில் போட்டோ நெடுவரிசைத் தலைப்பின் முன் @ போட்டால் போட்டோவும் வந்து உட்காரும்.

சங்கத்தின் உறுப்பினர் கையேடு அப்படியல்ல. பெயர், கோத்திரம், விலாசம், போன் எல்லாம் இரண்டு நெடுவரிசையாக, பக்கம் விட்டுப் பக்கம் ஓட வேண்டும். இதற்குப் போய் மெர்ஜ் பேனலைத் திறக்காதீர்கள். இணைத்து வைத்த பிரேம்களில் அது பதிவுகளை வரிசையாக ஊற்றாது. ஒற்றைப் பதிவு என்று கொடுத்தால் ஒவ்வொருவருக்கும் புதிதாகப் பக்கம் போடும். பல பதிவு என்றால் ஒரே அளவுப் பெட்டியைக் கட்டம் கட்டமாக நகலெடுக்கும். இரண்டு வரி விலாசத்துக்கும் ஆறு வரி விலாசத்துக்கும் அதே பெட்டி. வெற்று வரியை நீக்கும் வசதி உண்டு. வரி போகும், பெட்டி சுருங்காது. நீளமான விலாசம் பெட்டிக்கு வெளியே சிவப்புக் கூட்டல் குறியாக நிற்கும். கடைசி நாளில் செயலாளர் மாமா வந்து, "நடுவுல ஒருத்தரை விட்டுட்டோம்டா" என்பார். பெட்டிகளுக்குள் தொடர்பே இல்லாததால் எதுவும் நகராது. மறுபடி மெர்ஜ் செய்தால் கையால் திருத்தியதெல்லாம் போச்சு. பெட்டிகளைப் பிறகு கோக்க ஸ்கிரிப்டுகள் இருக்கின்றன. பிரித்துப் போட்டுவிட்டுக் கோப்பானேன்?

நான் செய்வது இது. எக்செல் பட்டியலைத் தலைப்பு வரி இல்லாமல் நோட்பேடில் ஒட்டி, யூனிகோடாகச் சேமிப்பேன். பிளேஸ் கொடுத்து, ஷிப்டை அழுத்திக்கொண்டு கிளிக் செய்தால் பக்கங்கள் தாமாகவே சேர்ந்து எழுத்து முழுதும் ஓடிவிடும். டேப்களையெல்லாம் பத்தி முடிவாக மாற்றி, பெயர், கோத்திரம், விலாசம், போன் ஸ்டைல்களைச் சங்கிலியாகக் கோத்து, 'நெக்ஸ்ட் ஸ்டைல்' கொடுத்தால் தீர்ந்தது. விட்டுப்போனவரை நடுவில் தட்டினால் மற்றவர்கள் தாமே நகர்வார்கள். வேர்டின் மெயில் மெர்ஜில் டைரக்டரி வகையும் பதிவுகளை ஒரே ஓட்டமாகத் தரும். எனக்கு அது சுற்றுவழி.

இன்டிசைனுக்கு வெளியேயும் வழி இருக்கிறது. கட்டளை எழுதிப் பக்கம் அமைக்கும் டெக் (TeX) என்று ஒன்று உண்டு. 2002ல் அதன் பன்னாட்டு மாநாடே திருவனந்தபுரத்தில் நடந்தது. மலையாள நாளிதழ் ஜனயுகம் 2019ல் ஸ்கிரைபஸ் என்ற கட்டற்ற பக்க வடிவமைப்பு மென்பொருளுக்கு மாறியது. பெற்றோர் காதில் இதெல்லாம் ஏறாது. புரோகிராம் போல நான்கு வரி எழுதப் பிடிக்கிற பிள்ளை டெக் பக்கம் போகட்டும். கண்ணால் பார்த்து நகர்த்தினால்தான் நிம்மதி என்கிற பிள்ளையை அங்கே தள்ள வேண்டாம்.

எந்த வழிக்கும் பொறுமை எக்செல்லிலேயே வேண்டும். கோத்திரம் எழுதாத ஒரே ஒரு காலிக் கட்டம் போதும்: அங்கே வெற்றுப் பத்தி நிற்கும், அதைத் தேடி நீக்கிவிட்டுப் பிறகு ஸ்டைல் கொடுத்தால் சங்கிலி ஒரு கண்ணி தவறி, அடுத்தவரிலிருந்து பெயரெல்லாம் போன் எழுத்தில் வரும். காலிக் கட்டங்களில் ஒரு சிறு கோடாவது போட்டுவிட்டு இன்டிசைனைத் திறங்கள். தமிழ், மலையாளத்துக்கு வேர்ல்டு-ரெடி கம்போசரை ஸ்டைலிலேயே வைத்துவிடுங்கள். இல்லையென்றால் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம்.