துறைமுகம் காட்டும் கொள்கை மாற்றம்

கட்சி கொள்கையைக் கைவிட்டது என்று குறை கூறுவோர் பலர்; எப்போது, எதனால் கைவிட்டது என்று ஆராய்வோர் சிலரே. வேதியியல் மாணவனுக்கு அரசியல் எதற்கு என ஆசிரியர் பெருமக்கள் வினவலாம். துறைமுகக் கூலியால் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்த குடும்பத்துப் பிள்ளை நான். அத்துறைமுகத்தை வைத்தே திராவிட முன்னேற்றக் கழகத்தின் கொள்கை மாற்றத்தை ஈண்டு எழுத விழைகிறேன்.

1949 செப்டம்பர் 17-ல் தோன்றிய கழகத்தின் தலையாய குறிக்கோள் திராவிட நாடு. தமிழ், தெலுங்கு, கன்னடம், மலையாளம் பேசும் நிலங்கள் இணைந்த தனிநாடு அது. வடக்கு வாழ்கிறது, தெற்கு தேய்கிறது என்பது சொல்லப்பட்ட காரணம். ஆலைகளெல்லாம் வடக்கே போகின்றன என்று மேடைதோறும் கணக்குக் காட்டினார்கள். 1962-ல் மாநிலங்களவைக்குச் சென்ற அறிஞர் அண்ணா தம் முதல் உரையிலேயே சுயநிர்ணய உரிமை கோரினார்.

மாற்றம் ஒரே நாளில் நேரவில்லை. தேர்தலுக்கு வெளியே நின்ற கட்சி 1956 திருச்சி மாநாட்டில் போட்டியிட முடிவு செய்தது. 1957-ல் 15 இடங்கள், 1962-ல் 50. அதே 1956-ல் மொழிவழி மாநிலங்கள் அமைந்தன. அண்டை மாநிலத்தார் தனிநாட்டுக் குரலுக்குச் செவிசாய்க்கவில்லை. 1962 அக்டோபரில் சீனப் போர் மூண்டது. மறு ஆண்டு அரசியலமைப்பின் 16-வது திருத்தம் வந்தது. நாட்டின் இறையாண்மையையும் ஒருமைப்பாட்டையும் காப்பதாக உறுதிமொழி தராத எவரும் வேட்பாளராக முடியாது. கோரிக்கை கைவிடப்பட்டது. அதற்கான காரணங்கள் அப்படியே இருக்கின்றன என்றார் அண்ணா.

சட்டத்துக்கு அஞ்சிப் பணிந்தார்கள் என்று இவ்விடத்தில் பலர் பேச்சை முடித்துவிடுவர். எனக்கு அது போதவில்லை. சட்டம் கோரிக்கையை நிறுத்தியது. மனத்தை மாற்றியது ஆட்சிப் பொறுப்பே. 1967 மார்ச்சில் ஆட்சிக்கு வந்த கழகம் அவ்வாண்டு ஜூலையில் ‘எழுச்சி நாள்’ நடத்தியது. கேட்டவை: சேலத்துக்கு உருக்காலை, தூத்துக்குடிக்கு ஆழ்கடல் துறைமுகம், சேதுக் கால்வாய். ஐந்தாண்டுகளுக்கு முன் டில்லியிடமிருந்து பிரிய விரும்பியவர்கள் டில்லியின் திட்ட நிதியில் பங்கு கேட்டார்கள். கணக்கு பழையதுதான். ஆனால் பங்கு கேட்பவன் குடும்பத்தில் இருக்கிறான் என்றுதானே பொருள்?

1974 ஜூலை 11-ல் தூத்துக்குடி பெருந்துறைமுகமாயிற்று. முத்துக்குளிப்பு 1961-க்குப் பின் இங்கே நின்றுபோயிற்று. சங்கு குளித்துக்கொண்டிருந்த என் தாத்தா கரையேறித் துறைமுகத்தில் மூட்டை சுமந்தார். பின்னர் அப்பாவும் சுமந்தார். “நாடு கேட்டாவ, ஹார்பர் வாங்கிட்டு வந்தாவ” என்று தாத்தா இன்றும் கேலி பேசுவார். “அதுலதானய்யா உங்க பேரன் படிக்கான்” என்பார் அப்பா. இருவரும் வாக்களிப்பது ஒரே சின்னத்துக்குத்தான் என்பது வேறு விஷயம்!

2004-ல் மத்திய அமைச்சரவையில் கப்பல் துறையே கழகத்தின் டி.ஆர். பாலுவிடம் வந்தது. 2005 ஜூலை 2-ல் சேதுக் கால்வாய்ப் பணி தொடங்கிற்று. எதிர்த்தவர்களுள் நம் கரை மீனவரும் இருந்தனர். கடலைத் தோண்டினால் மீன்பாடு கெடும் என்பது அவர்கள் அச்சம். ‘தெற்கு’ என்ற சொல் ஒரு காலத்தில் இவர்களின் வறுமையையும் சேர்த்தே சுட்டியது. ஆட்சியில் அமர்ந்தபின் திட்டங்களையே சுட்டலாயிற்று. திராவிட நாட்டைக் கைவிட்டதைவிட இதையே பெரிய மாற்றமாக நான் கருதுகிறேன். ஆனால் இதைப் பற்றி விவாதிப்பார் இல்லை.

2007-ல் உச்ச நீதிமன்றத் தடையால் ராமர் பாலப் பகுதியில் பணி நின்றது. 2023 ஜனவரியில் கால்வாய் வேண்டுமெனச் சட்டமன்றம் மறுபடியும் ஒருமனதாகத் தீர்மானம் செய்து டில்லியைக் கேட்டது.